அலுமினியத்தின் கனமும் அதன் மேலுள்ள படலமும்

எல்.இ.டி. விளக்குக்கான அலுமினியப் போர்டு, அதாவது சில்லுகளைப் பற்றவைக்கும் சுற்றுத் தகடு, வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர், அதைக் கையில் வாங்கியதும் முதலில் எடைதான் பார்க்கிறார்கள். இரண்டு கடைச் சரக்கை இரண்டு கையிலும் வைத்துத் தூக்கிப் பார்த்து, கனமானது நல்ல சரக்கு, லேசானது மட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மன்னார்குடியில் தெருவிளக்கு, ஃபிளட் லைட், சோலார் பம்புசெட் கண்ட்ரோலர் ஆகியவற்றைப் பழுதுபார்த்தும், சிறிய அளவில் விளக்குகளை நானே பூட்டி விற்றும் பிழைக்கிறவன் என்ற முறையில், இந்தக் கனக் கணக்கோடு எனக்கு வெகுநாளாக ஒரு வழக்கு இருக்கிறது. போர்டில் வெப்பத்தை மறித்து நிற்பது உலோகம் அன்று. உலோகத்துக்கும் மின்சாரம் ஓடும் செம்புத் தடத்துக்கும் நடுவே, விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் ஒரு கோடாகத் தெரிகிற மின்காப்புப் படலமே அது. போர்டின் தரம் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. வாங்குகிறவர் ஏமாறுவதும் அங்கேதான்.

குண்டு பல்பு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக வெளியே வீசிவிடும் என்பதால், அதன் பின்புறத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. அதன் மின்னிழை இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்தாலும், அப்படிக் காய்வதற்கென்றே செய்யப்பட்டது அது. எல்.இ.டி.யின் குணம் வேறு. நீல ஒளி தரும் காலியம் நைட்ரைடு சில்லும் அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பரும் சேர்ந்துதான் நாம் காணும் வெள்ளை வெளிச்சம் உண்டாகிறது. இந்த நீல எல்.இ.டி.க்காகவே அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. எல்.இ.டி.க்குள் செலுத்தும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியோ, அதற்கு மேலோ வெப்பமாகிவிடுகிறது. அந்த வெப்பம் கதிராகப் பறந்துபோகாமல் சில்லின் அடிப்பக்கம் வழியாகவே இறங்கியாக வேண்டும். இறங்க வழியில்லாதபோது சில்லு காய்கிறது, வெளிச்சம் மங்குகிறது, சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறுகிறது, மின்சாரத்தை அதற்கேற்ப மாற்றித் தரும் பக்கத்து டிரைவரில் இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் உள்ளே வற்றிப்போகிறது. ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் அந்தக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது இத்தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. வைகாசி மாதத்தில் இரவுக் காற்றே 30 டிகிரியை ஒட்டி நிற்கும் நம் ஊர்ப்பக்கத்தில், குளிர்நாட்டுக் கணக்கை வைத்துச் செய்த விளக்கு ஒன்று எவ்வளவு நாள் தாங்கும் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

பச்சை நிறத்தில் நாம் பார்த்துப் பழகிய சாதாரண போர்டு, கண்ணாடி இழையும் எப்பாக்ஸிப் பிசினும் சேர்ந்த எஃப்.ஆர்.4 தகடு. அதன் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.3 வாட் அளவில்தான் இருக்கும். போர்டுகளுக்கு அதிகம் பயன்படும் 5052 என்ற அலுமினியக் கலவைக்கு அதே அளவு 138 வாட்; செம்புக்கு 390 வாட்டுக்குக் குறையாது. இந்த எண்களை அப்படியே சொன்னால் மனத்தில் பதியாது என்பதால், நான் எப்போதும் ஒரே அளவுகோலை வைத்துப் பேசுவேன்: ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு வழியாக ஒரு வாட் வெப்பம் நேர்கீழாக இறங்கும்போது, மேற்பரப்புக்கும் அடிப்பரப்புக்கும் எத்தனை டிகிரி வேறுபாடு விழுகிறது என்பதே அது. 1.6 மி.மீ. தடிமனுள்ள எஃப்.ஆர்.4 தகட்டில் அது 53 டிகிரி. அதே தடிமனுள்ள அலுமினியத்தில் 0.12 டிகிரி மட்டுமே. இந்தப் பெரிய இடைவெளியைப் பார்த்துத்தான் உலோகத்துக்கு ஓடுகிறோம். ஆனால் உலோகம் மின்சாரத்தையும் கடத்தும். செம்புத் தடத்தை நேராக அதன் மேல் ஒட்ட முடியாது. ஆகவே நடுவில் 75 முதல் 150 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை தடிமனுள்ள ஒரு மின்காப்புப் படலத்தை வைத்து, அதன் மேல் 35 மைக்ரான் அல்லது 70 மைக்ரான் செம்புத் தகட்டை ஒட்டி அழுத்துகிறார்கள். நம் அளவுகோலில் இந்தப் படலத்தின் பங்கு என்ன? 100 மைக்ரான் தடிமனும் 1 வாட் கடத்துத்திறனும் உள்ள சாதாரணப் படலமானால் ஒரு முழு டிகிரி. அதாவது அடியிலுள்ள அலுமினியத் தகடு முழுவதும் தரும் தடையைப் போல் எட்டு மடங்கு தடை, அதில் பதினாறில் ஒரு பங்கு தடிமனே உள்ள ஒரு படலத்திலிருந்து வருகிறது.

மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும், கல்லணை தாண்டி நம் கடைமடைக்கு வந்து சேர்வது, இடையில் இருக்கும் மிகக் குறுகலான மதகு விடுகிற அளவுதான் என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அலுமினியத்தின் கனத்தைக் கூட்டுவது ஏற்கெனவே அகலமாக இருக்கும் ஆற்றை இன்னும் அகலப்படுத்துகிற வேலை. எண்ணிலேயே பார்க்கலாம். 1 மி.மீ. அலுமினியத்துக்குப் பதில் 1.6 மி.மீ. போட்டால், நேர்கீழான தடையில் ஏற்படும் மாற்றம் 0.04 டிகிரி. தடித்த தகடு வெப்பத்தைப் பக்கவாட்டில் கொஞ்சம் கூடுதலாகப் பரப்பும், வளையாமல் சமமாக உட்காரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்; அவை உண்மையான பயன்களே. ஆனால் அதே போர்டில் 1 வாட் படலத்துக்குப் பதில் 3 வாட் படலம் போட்டால் ஒரு டிகிரி மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. தராசில் இந்த மாற்றம் கொஞ்சமும் தெரியாது. கண்ணுக்கும் தெரியாது. எதுவும் கலக்காத வெறும் பிசின் தாளை ஒட்டிய போர்டும், உயர்ந்த படலம் ஒட்டிய போர்டும் மேலே பூசிய வெள்ளை மாஸ்க்கினால் ஒன்றுபோலவே காட்சி தருகின்றன.

படலத்தின் கடத்துத்திறன் எங்கிருந்து வருகிறது என்பது சுவையான விஷயம். எப்பாக்ஸி தன்னளவில் வெப்பத்தை அதிகம் கடத்தாது. அதற்குள் அலுமினா, போரான் நைட்ரைடு போன்ற பீங்கான் பொடியை நிறைய கலக்கிறார்கள். அலுமினாவின் கடத்துத்திறன் 25 வாட்டை ஒட்டியது. ஆயினும் அதைக் கலந்த படலம் 2 அல்லது 3 வாட்டில் நின்றுவிடுகிறது. காரணம், பொடியின் ஒவ்வொரு துகளையும் சுற்றிப் பிசின் இருக்கிறது; வெப்பம் துகளுக்குத் துகள் தாவும்போதெல்லாம் அந்தப் பிசினைக் கடந்தாக வேண்டும். துகள்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்குப் பொடியை அள்ளிக் கொட்டினால் கடத்துத்திறன் ஏறும், ஆனால் பிசின் குறைந்துவிடுவதால் படலம் நொறுங்கும் தன்மை பெறும், செம்பைப் பிடித்துக்கொள்ளும் பசையும் குறையும். மலிவுச் சரக்கில் சால்டரிங் அயர்ன் பட்டதும் செம்புத் தடம் உரிந்து வருவதைப் பழுதுபார்ப்பவர்கள் அனைவரும் கண்டிருப்பார்கள். பிசினும் மோசம், ஒட்டிய அழுத்தமும் மோசம் என்பதன் அறிகுறி அது. பிசின், பொடி, அழுத்தம் ஆகிய மூன்றையும் ஒருசேரக் காப்பாற்றுவதுதான் இந்தத் தொழிற்சாலைகளின் உண்மையான கைத்திறம். அலுமினியத் தகட்டை யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

அப்படியானால் படலத்தை இன்னும் மெல்லியதாக்கிவிட்டால் என்ன என்ற கேள்வி எழும். 12 வோல்ட்டில் எரியும் அறுவடை இயந்திரத்து விளக்குக்கு அது சரியான கேள்விதான். அங்கே மின்காப்புக்குப் பெரிய வேலையில்லை, எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் நல்லது. நேரடியாக 230 வோல்ட் ஏறும் ஃபிளட் லைட்டுகளில் நிலைமை வேறு. இப்போது மலிவாக வரும் பெரும்பாலான ஃபிளட் லைட்டுகளில் தனி டிரைவர் இல்லை. அலுமினியப் போர்டிலேயே, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையரும், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு லீனியர் ஐ.சி.யும், எல்.இ.டி.களும் வரிசையாக உட்கார்ந்திருக்கும், மின்கம்பத்திலிருந்து வரும் கம்பி நேராக அந்தச் செம்புத் தடத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்த விளக்கின் உலோக உடலைத் தொடுகிறவருக்கும் பேஸ் கம்பிக்கும் இடையில் இருப்பது முன்சொன்ன 100 மைக்ரான் படலம் ஒன்றே. விளக்குகளுக்கான ஐ.இ.சி. 60598 தரநிலை, எர்த் இணைப்புள்ள விளக்கின் அடிப்படைக் காப்பை மின்னழுத்தத்தைப் போல் இரு மடங்குடன் 1,000 வோல்ட் சேர்த்துச் சோதிக்கச் சொல்கிறது. நம் 230 வோல்ட்டுக்கு அது 1,460 வோல்ட். நல்ல படலம் இதைப் போல் பல மடங்கைத் தாங்கும். ஆனால் பஞ்ச் செய்து வெட்டும்போது விளிம்பில் நிற்கும் அலுமினியப் பிசிறு ஒன்று, அல்லது திருகின் தலை செம்புத் தடத்தை நெருங்கி உட்கார்ந்த ஒரு துளை, இந்தத் தாங்குதிறனை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். வயல் நடுவில் இரும்புக் கம்பத்தில் விளக்கைக் கட்டி, ஐப்பசி, கார்த்திகை மழையில் வெறுங்காலோடு வரப்பில் நிற்கிற ஊரில், நான் படலத்தை மெல்லியதாக்கச் சொல்ல மாட்டேன்.

இந்தப் படலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மேலே செம்பு, கீழே அலுமினியம், நடுவே காப்பு என்ற அமைப்பு ஒரு கெபாசிட்டரின் அமைப்பேயாகும். 200 சதுர சென்டிமீட்டர் செம்புப் பரப்புள்ள பெரிய ஃபிளட் லைட் போர்டில் அந்தக் கெபாசிட்டன்ஸ் 9 நானோஃபாரட் அளவுக்கு வரும். எர்த் இணைக்காத விளக்கின் உடலைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்வதுபோல் உணர்வது பெரும்பாலும் இதனால்தான். கசியும் மின்னோட்டம் அரை மில்லியாம்பியரை எட்டக்கூடும், அது மனிதத் தோல் உணரத் தொடங்கும் அளவு. அதைப் படலம் கிழிந்துவிட்டதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கிழிந்திருந்தாலும் தொடக்கத்தில் இதே உணர்வுதான் வரக்கூடும் என்பதால், மின்காப்பை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்க்காமல் எதையும் சொல்வதற்கில்லை.

இதே கெபாசிட்டன்ஸ் நடத்தும் வேடிக்கை ஒன்றும் உண்டு. திருத்துறைப்பூண்டி சாலையில் களத்துமேடு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி, ஸ்விட்சை அணைச்ச பொறவும் இது ராவெல்லாம் முழிச்சுக்கிட்டே இருக்கே, வீட்டுல பொம்பளைங்க பயப்படுறாங்க" என்று விளக்கையே கழற்றிக் கொண்டுவந்துவிட்டார். "விளக்கு நல்லாத்தான் இருக்குங்க பெரியப்பா. ஸ்விட்ச் நியூட்ரல்ல மாட்டியிருக்கும், வயர்மேனை வரச்சொல்லி பேஸுக்கு மாத்தச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினேன். நியூட்ரலை அணைத்தாலும் பேஸ் போர்டிலேயே நிற்கிறது. எர்த்தோடு சேர்ந்த அலுமினிய உடலுக்குப் படலத்தின் வழியே மிகச் சிறிய மாறுமின்னோட்டம் ஓடி, எல்.இ.டி.யை மினுக்கி வைக்கிறது. எல்.இ.டி. எரிவதற்கு மைக்ரோஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் இருந்தாலும் போதும். இடி இறங்கும்போது பாயும் சர்ஜும், அதாவது திடீர் மின்னழுத்த ஏற்றமும், இதே வழியில்தான் எல்.இ.டி. வரிசையைக் கடந்து உடலுக்கு ஓடுகிறது என்பது வேடிக்கையில் சேராது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு என் பட்டறைக்கு வரும் விளக்குகளில், வெப்பத்தால் செத்தவையும் சர்ஜால் செத்தவையும் கலந்தே கிடக்கும். வெப்பத்தால் செத்த சில்லு பழுப்பேறி நடுவில் கருத்திருக்கும். சர்ஜால் செத்தது பெரும்பாலும் பார்வைக்குப் பழுதில்லாமல் ஷார்ட் ஆகிக் கிடக்கும்.

உலோகப் போர்டு எல்.இ.டி.யோடு வந்த புதுச்சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஜப்பானின் சான்யோ நிறுவனம் 1969இலேயே மின்காப்புப் பூண்ட அலுமினியத் தகட்டின் மேல் சுற்றுகளை அமைக்கும் முறையை உருவாக்கிவிட்டது. அந்த முறையில் வந்தவைதான் எஸ்.டி.கே. என்று தொடங்கும் ஆம்ப்ளிஃபையர் ஐ.சி.கள். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் சவுண்டு சர்வீஸ் நடத்தியவர்களுக்கு எஸ்.டி.கே. 4141 என்ற எண் வீட்டுப் பெயர்போலப் பழக்கம். கருப்பு மூடியைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பது அதே அமைப்பு: அலுமினியத் தகடு, அதன் மேல் படலம், அதன் மேல் செம்பு, செம்பின் மேல் டிரான்சிஸ்டர் சில்லுகள். அதன் முதுகில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவி, வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்க்கில் இறுக்கிய கைகள் பல இன்று எல்.இ.டி. பூட்டுகின்றன. அன்று போலி எஸ்.டி.கே.யில் பட்டவர்கள், இன்று எடையைப் பார்த்துப் போர்டு வாங்குவதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

போர்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதன் முதுகுக்குப் பின்னால் நடப்பது அதைக் கெடுத்துவிடும். அண்மையில் ஓர் ஊராட்சியிலிருந்து வந்த 30 வாட் தெருவிளக்கைத் திறந்தபோது கண்டதைச் சொல்கிறேன். போர்டைப் பிடித்திருந்த திருகுகள் நான்கும் மூலைகளில் மட்டுமே இருந்தன. அவற்றைக் கழற்றிப் போர்டைத் தூக்கியதும், முதுகில் வெள்ளைப் பேஸ்ட் பிறை வடிவில் ஓர் ஓரத்தில் மட்டும் பதிந்து காய்ந்திருந்தது, எல்.இ.டி.கள் நெருங்கி நிற்கும் நடுப்பகுதியில் அலுமினியம் புத்தம்புதிதாகப் பளபளத்தது. அங்கே பேஸ்ட் ஒருபோதும் தொட்டதில்லை என்று பொருள். வார்ப்பு உடலின் மேல் ஓர் எஃகு அளவுகோலை நிறுத்திப் பார்த்தேன். நடுவில் மெல்லிய குழிவு, அதன் கீழே வெளிச்சம் கசிந்தது. 20 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள போர்டுக்கும் உடலுக்கும் நடுவே 50 மைக்ரான் காற்று இருந்தால், விளக்கின் 18 வாட் வெப்பம் அதைக் கடக்க 17 டிகிரி ஏற வேண்டும். 50 மைக்ரான் என்பது நாம் எழுதும் காகிதத்தில் பாதித் தடிமன். அதே இடைவெளியைச் சாதாரண 1 வாட் பேஸ்ட்டால் நிரப்பினால் இழப்பு அரை டிகிரிக்கும் குறைவு. பத்து ரூபாய்ப் பேஸ்ட்டும் நடுவில் ஐந்தாவது திருகும் இல்லாததால் கெட்ட விளக்கு அது. இதில் போர்டின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. பேஸ்ட்டை அள்ளி அப்புவதும் தவறு. உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் பேஸ்ட் குறுக்கே நிற்கக் கூடாது, தொடாத பள்ளத்தை மட்டுமே அது நிரப்ப வேண்டும்.

இந்த வெப்பம் கடைசியில் காற்றில்தான் போய்ச் சேர வேண்டும். காற்றோட்டம் தானாக நடக்கும் உலோகப் பரப்பு ஒரு சதுர மீட்டரில் ஒரு டிகிரிக்கு, கதிர்வீச்சையும் சேர்த்து, 10 வாட் அளவுக்கு விடும் என்று வைத்துக்கொண்டால், 18 வாட் வெப்பத்தைச் சுற்றுக் காற்றைவிட 30 டிகிரி மட்டுமே கூடுதலாக நிற்கும்படி வெளியேற்றுவதற்கு 600 சதுர சென்டிமீட்டர் பரப்பு வேண்டும். உள்ளங்கை அகலமுள்ள உடலோடு 50 வாட் என்று அச்சிட்டு விற்கும் விளக்கை இந்தக் கணக்கோடு நிறுத்திப் பாருங்கள். தை மாத அறுவடையின்போது எழும் வைக்கோல் தூசியும் நெல் பதரும் விளக்கின் முதுகிலுள்ள உலோகத் துடுப்புகளுக்கிடையில் படிந்து, மழைக்காலத்து ஈசல் இறகும் சிலந்திக் கூடும் அதன் மேல் சேர்ந்துகொண்டால், அந்த 600இல் எவ்வளவு மிஞ்சும் என்பது அவரவர் ஏணி வைத்து ஏறிப் பார்க்க வேண்டிய விஷயம். துடுப்புகள் மேல்நோக்கித் திறந்த விளக்கைவிட, முதுகு சரிந்து மழைநீரே கழுவிக்கொண்டு போகும்படி வார்த்த விளக்கை நான் விரும்புவது இதனால்தான். வெப்பக் கணக்கில் முந்தையது முந்தினாலும், இரண்டாம் ஆண்டிலிருந்து பிந்தையதே வெல்கிறது.

பழுதுபார்ப்பில் அலுமினியம் நமக்கு எதிராகவே நிற்கும். சாதாரண போர்டில் சால்டரிங் அயர்னின் நுனி பட்டதும் ஈயம் (சால்டரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) உருகும். இங்கே நுனியின் வெப்பத்தைத் தகடு அப்படியே உறிஞ்சிக்கொள்வதால் ஈயம் இளகுவதே இல்லை, பொறுமையிழந்து அழுத்தினால் தடம் உரிந்துவிடும். ஆகவே போர்டு முழுவதையும் ஹாட் பிளேட்டில் வைத்துக் கீழிருந்து சூடேற்ற வேண்டும். கடைத்தெருவில் பல பையன்கள் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன் மேலேயே செய்கிறார்கள். வெப்பம் சமமாக இல்லாவிட்டாலும் வேலை நடக்கிறது. ஈயமில்லாச் சால்டர் 217 டிகிரியை ஒட்டித்தான் உருகும். முதலில், பற்றவைக்க உதவும் பிளக்ஸ் புகைந்து வாசனை வரும், மங்கலாக இருந்த சால்டரின் ஓரம் ஒரு கணத்தில் கண்ணாடிபோல் மின்னும். அந்தக் கணத்தில் இடுக்கியால் சில்லைத் தொட்டால் நீரில் மிதப்பதுபோல் நகரும். அப்போதே எடுத்துப் புதியதை வைத்து, போர்டை உடனே பிளேட்டிலிருந்து இறக்கிவிட வேண்டும். கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு நொடியும் மற்ற சில்லுகளின் ஆயுளைத் தின்னும். 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் சால்டர் பேஸ்ட் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. அது சில்லைக் காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் பற்று நொறுங்கும் தன்மையுடையது. டிராக்டரிலும் அறுவடை இயந்திரத்திலும் அதை நான் பயன்படுத்துவதில்லை. எரிந்துபோன சில்லை ஈயம் வைத்து ஷார்ட் செய்துவிட்டு விளக்கைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். லீனியர் ஐ.சி. உள்ள போர்டில், அந்தச் சில்லு எடுத்துக்கொண்டிருந்த மின்னழுத்தம் முழுவதும் ஐ.சி.யின் தலையில் விழுந்து வெப்பமாகிறது. ஒன்றை ஷார்ட் செய்த விளக்கு இன்னும் சில மாதம் ஓடலாம். மூன்றைச் செய்த விளக்கு திரும்பி வருவது உறுதி.

பற்று விடுவதற்கு அலுமினியத்தின் இன்னொரு குணமும் காரணமாகிறது. ஒரு டிகிரி ஏற்றத்துக்கு அலுமினியம் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். செம்பு 17 பங்கு. அலுமினாப் பீங்கான் 7 பங்குதான். பீங்கான் அடியுள்ள உயர்வாட் எல்.இ.டி. ஒன்றை அலுமினியத்தின் மேல் பற்றவைத்தால், மாலையில் எரியத் தொடங்கியதும் அடித்தகடு விரியும், மேலுள்ளது அந்த அளவுக்கு விரியாது, நடுவிலுள்ள சால்டர் இழுபடும். விடியலில் அணைந்ததும் திரும்பச் சுருங்கும். தெருவிளக்குக்கு இது ஆண்டுக்கு 365 முறை. 3.5 மி.மீ. சில்லில் இந்த வேறுபாடு 3 மைக்ரானைத் தொடாது என்றாலும், சில ஆண்டுகளில் பற்றில் மயிரிழை விரிசல் விழுவதற்கு அது போதும். அப்படிப்பட்ட விளக்கு மாலையில் எரிந்து, காய்ந்ததும் அணைந்து, ஆறியதும் மறுபடி எரியும். பிளாஸ்டிக் உறையும் செம்புக் கால்களும் உள்ள 2835 வகைச் சில்லுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. பீங்கான் வகைக்குச் செம்பை அடித்தகடாகக் கொண்ட போர்டு பொருத்தம், விலைதான் இடிக்கும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்து விளக்குகளில் உப்புக் காற்று போர்டின் வெட்டிய விளிம்பிலிருந்து உள்ளே நுழைந்து, படலத்துக்கு அடியில் அலுமினியத்தை வெண்பொடியாக்கி, படலத்தையே தூக்கிவிடுவதையும் பார்க்கிறேன். அங்கே கண்ணாடியைச் சுற்றியுள்ள சிலிக்கான் வளையம் வாட்டைவிட முக்கியம்.

எல்லாவற்றுக்கும் உலோகப் போர்டு வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அது பெரும்பாலும் ஒரு பக்கச் சுற்றுக்கே ஏற்றது; துளையிட்டு மறுபக்கம் செம்பைக் கொண்டுபோக முடியாது, கொண்டுபோனால் தகட்டோடு ஷார்ட். சில வாட் மட்டுமே வெப்பம் உள்ள இடத்தில், எஃப்.ஆர்.4 போர்டிலேயே சில்லின் அடியில் செம்பு பூசிய சிறு துளைகளை நெருக்கமாகப் போட்டு வெப்பத்தை இறக்கலாம். 0.3 மி.மீ. துளை ஒன்று வாட்டுக்கு 190 டிகிரி அளவு தடையுள்ளது, ஆனால் இருபது துளைகள் சேர்ந்தால் அது பத்துக்குள் வந்துவிடும். எதிர்ப்பக்கத்தில், சோலார் பம்புசெட் கண்ட்ரோலர்களில் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஐ.ஜி.பி.டி. மாட்யூல்களுக்கு அலுமினியப் போர்டும் போதாது. உள்ளே மின்னழுத்தம் 500 வோல்ட்டைத் தாண்டும். அங்கே பிசினுக்குப் பதில் பீங்கான் தகட்டின் இரு பக்கமும் செம்பை நேராகப் பிணைக்கிறார்கள். 0.38 மி.மீ. அலுமினாத் தகடு நம் அளவுகோலில் 0.16 டிகிரிதான் தரும். பிசின் படலத்தைப் போல் நாலு மடங்கு தடித்திருந்தும், 2 வாட் படலத்தின் தடையில் மூன்றில் ஒரு பங்கு. அந்த மாட்யூலின் முதுகில் பேஸ்ட்டைச் சரியாகத் தடவாமல் மாற்றிக் கொடுத்துவிட்டு, கம்பெனிச் சரக்கே மட்டம் என்று விவசாயியிடம் சொல்கிறவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சரி, தராசை வைத்துவிட்டு எதைப் பார்த்து வாங்குவது? சென்னை ரிச்சி தெருவானாலும் கும்பகோணத்துக் கடையானாலும், படலத்தின் கடத்துத்திறன் எவ்வளவு, தடிமன் எவ்வளவு, எத்தனை வோல்ட்டுக்குச் சோதித்தது என்று கேட்டால், தாளைக் காட்டக்கூடியவரிடம் வாங்கலாம். கடத்துத்திறனை மட்டும் சொல்லித் தடிமனை மறைத்தால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை; 3 வாட் படலம் 150 மைக்ரான் தடிமனில் இருந்தால், 2 வாட் படலம் 100 மைக்ரானில் தரும் அதே தடையைத்தான் தரும். நீங்களே போர்டு வரைகிறவரானால், சில்லின் வெப்பத்தை இறக்கும் பாதத்தைச் சுற்றிச் செம்பை இடமிருக்கும் வரை அகலமாக விட்டுவிடுங்கள். படலத்தைக் கடக்கும் வெப்பம் எவ்வளவு பரப்பில் இறங்குகிறதோ அவ்வளவுக்குத் தடை குறையும், இதற்குக் கூடுதல் செலவும் இல்லை. 0.1 சதுர சென்டிமீட்டர் செம்பில் 10 டிகிரி தரும் படலம், ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு டிகிரிதான் தரும்.

கையில் தாள் இல்லாத விளக்கை மல்டிமீட்டரால் சோதிக்கலாம். தனி டிரைவரும் நிலையான மின்னோட்டமும் உள்ள விளக்கில், எல்.இ.டி. வரிசையின் இரு முனைகளிலும் மின்னழுத்தத்தை எரிய வைத்த உடனே ஒருமுறையும், ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறையும் அளக்க வேண்டும். சில்லுக்குச் சில்லு மாறினாலும், சில்லுக்குள் இருக்கும் ஒவ்வொரு சந்தியின் மின்னழுத்தமும் ஒரு டிகிரி ஏற்றத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கும். ஒற்றைச் சந்தியுள்ள பத்துச் சில்லு வரிசையில் ஒரு வோல்ட் இறங்கியிருந்தால் சில்லுகள் 50 டிகிரி ஏறியிருக்கின்றன என்று கொள்ளலாம். அறை வெப்பத்தோடு கூட்டிப் பார்த்தால் விளக்கின் நிலை தெரிந்துவிடும். அதே நேரத்தில் உடலின் வெளிப்புற வெப்பத்தை ஒரு தெர்மோகப்பிளால் அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே கொதித்து வெளியே ஆறியிருக்கும் விளக்கில் குற்றம் படலத்திலோ பேஸ்ட்டிலோ இருக்கிறது. இரண்டும் சேர்ந்து காய்ந்தால் உடலின் பரப்பு போதவில்லை. டிரைவர் இல்லாமல் 230 வோல்ட் நேராக ஏறும் போர்டில் மட்டும் இந்தச் சோதனையைப் பழக்கமில்லாதவர்கள் செய்ய வேண்டாம். அங்கே மீட்டர் கம்பியின் முனை தொடும் செம்பு முழுவதும் பேஸ்.